நம்ம கறுப்பு மணலும் நிலா மண்ணும்

குமரி மாவட்டத்துச் சின்னவிளைக் கடற்கரையில் கறுப்பு மணலை ஒரு கை அள்ளிப் பாருங்கள். சாதா மணலைவிடக் கனம் நன்றாகவே தெரியும். மத்தியான வெயிலில் செருப்பில்லாமல் மிதித்தவர்களுக்கு அதன் சூடும் தெரியும். அந்தக் கறுப்பில் பெரும்பங்கு இல்மனைட். இரும்பு, டைட்டானியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த கனிமம். அப்பல்லோ 11 அள்ளிக்கொண்டு வந்த நிலாக் கல்லிலும் இதே சாமான்தான் இருந்தது.

இல்மனைட்டை 900 டிகிரி வாக்கில் சூடாக்கி ஹைட்ரஜனைச் செலுத்தினால் நீராவி வரும். அந்தத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஆக்சிஜன் தனியே பிரியும், ஹைட்ரஜன் மறுபடியும் உலைக்கே போய்விடும். காற்றே இல்லாத நிலாவில் மூச்சுவிட இது ஒரு வழி.

"எதுக்கு இந்தப் பாடு? இங்கிருந்தே சிலிண்டர்ல கொண்டுபோனா என்ன?" என்று மச்சான் கேட்டான். ஆழ்கடல் மீன்பிடிக்குப் பேர்போன தூத்தூர்க்காரன் கேட்கிற கேள்வியா இது? ஒரு மாசம் கடலில் தங்கி மீன்பிடிக்க டீசல், ஐஸ், குடிதண்ணீர் என்று ஏற்றி ஏற்றிப் படகு தாழ்ந்து நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவன் அவன்.

விண்வெளியிலும் சுமைதான் பிரச்சினை. செவ்வாய்க் கிரகத்துக் கணக்கைப் பாருங்கள். அங்கிருந்து நாலு பேரைக் கிளப்ப 7 டன் எரிபொருளும் அதை எரிக்க 25 டன் ஆக்சிஜனும் வேண்டும் என்கிறது நாசா. அதே நாலு பேர் ஒரு வருஷம் மூச்சுவிட 1 டன் போதுமாம். வீடு திரும்புவதற்குத்தான் இத்தனையும். செவ்வாய்க் காற்றில் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கலாம் என்று மாக்ஸி என்ற சின்னப் பெட்டி 2021-ல் செய்தே காட்டியது. 2023 வரை 16 தடவை ஓடி மொத்தம் 122 கிராம். 25 டன்னுக்கு இது எந்த மூலைக்கு என்று சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆரல்வாய்மொழி தாண்டினால் மகேந்திரகிரி. திரவ ஆக்சிஜனையும் திரவ ஹைட்ரஜனையும் எரித்துக் ஓடுகிற கிரையோஜெனிக் (கடுங்குளிர் எரிபொருள்) ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கிற இடம். அந்த வேலையிலேயே ஊறின மேலக்காட்டுவிளைக்காரர் நாராயணன் 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரானார். எரிப்பதில் இவ்வளவு தேறின நாம், மண்ணிலிருந்து ஆக்சிஜன் எடுப்பதிலும் இப்போதே இறங்க வேண்டும் என்பது என் கட்சி. பழகிப் பார்க்க மணல் பக்கத்திலேயே கிடக்கிறது.

ஆனால் ஒன்று. சோதனைக்குப் பத்து மூட்டை என்றால் நானே சாக்கைப் பிடித்துக் கொடுப்பேன். அதைச் சாக்காக வைத்து மணலை அள்ள லாரி வரிசை வந்தால், சின்னவிளை ரோட்டில் மறியலுக்கு உட்காரும் முதல் ஆளும் நான்தான்.