ஸ்டார் வாங்குறது பாடம் இல்லைங்க

சின்னப் பசங்க கம்ப்யூட்டர்ல பாடம் படிக்கிறாங்கன்னு வந்த அந்த வீடியோவுக்குக் கீழ நான் போட்ட கமெண்ட்டுக்கு நேத்துலருந்து திட்டு வாங்கிட்டிருக்கேன். திரும்ப ஒருதடவை அதைப் பாருங்க. சின்னப் பசங்க வரிசையா உக்காந்து ஸ்க்ரீன்ல வர்ற நாலு விடைல ஒண்ணைத் தட்டுறாங்க, தப்புன்னா இன்னொண்ணைத் தட்டுறாங்க, கடைசில எப்படியும் ஸ்டார் வந்துடுது, ஏன் தப்புன்னு ஒருத்தர்கூட கேக்கல. நான் சொன்னது இவ்ளோதான்: குழந்தைதான் கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லணும், கம்ப்யூட்டர் குழந்தையை வேலை வாங்கக்கூடாது.

இது புதுசும் இல்ல. 1967லயே ஸீமோர் பேப்பர்ட்ங்கற கணித அறிஞரும் கூட இருந்தவங்களும் குழந்தைங்களுக்காகவே லோகோன்னு ஒரு கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கிட்டாங்க. முன்னால போ, வலது பக்கம் திரும்புன்னு அதுல வர்ற 'ஆமை'ங்கற குட்டி உருவத்துக்குக் கட்டளை குடுத்தா அது கோடு போட்டுட்டே போகும். இன்னைக்கு இலவசமா கிடைக்கிற, குழந்தைங்க கட்டளைகளைக் கட்டம் கட்டமா அடுக்கி ப்ரோக்ராம் செய்யற ஸ்க்ராட்ச்சும் அந்த வழில வந்ததுதான்.

என் பொண்ணு அஞ்சாவது படிக்கும்போது ஸ்க்ராட்ச்ல சதுரம் போட்டா, ஒவ்வொரு மூலைலயும் 90 டிகிரி திரும்பினா போதும், உடனே வந்துடுச்சு. அப்புறம் முக்கோணம். மூலை 60 டிகிரின்னு புக்ல இருக்கேன்னு 60 குடுத்தா, கோடு சேரவே இல்ல. நான் எதுவும் சொல்லல. அவளே எழுந்து தரையில நடந்து, மூலைல நின்னு உடம்பைத் திருப்பிப் பாத்துட்டு "அம்மா, இன்னும் நிறைய திரும்பணும்"னா. 180ல 60 போக 120 திரும்பணும்னு கண்டுபிடிச்சப்போ அவ மூஞ்சியைப் பாத்திருக்கணும் நீங்க.

உடனே "உங்க பொண்ணு புத்திசாலி, எல்லாருக்கும் வருமா"ன்னு வருவீங்க. வரும். உக்கார வெச்சுப் பாத்தீங்களா? அஞ்சு வயசுக் குழந்தைக்கே ஸ்க்ராட்ச் ஜூனியர் இருக்கு, படிக்கத் தெரியணும்னுகூட இல்ல. டீச்சருக்கு நேரமில்லைங்கறது நிஜம், அதை நான் மறுக்கவே இல்ல, ஆனா ரெண்டு பேருக்கு ஒரு மெஷின் குடுத்தா அவங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் குடுத்துக்குவாங்க.

"முதல்ல கம்ப்யூட்டர் வரட்டும், மத்ததெல்லாம் அப்புறம்"னு சொன்னவங்களுக்கு: பெரு நாட்டுல ஆரம்பப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு லேப்டாப் குடுத்தாங்க. 2012ல வந்த ஆய்வுல கணக்குலயும் மொழிப்பாடத்துலயும் மதிப்பெண் ஏறினதா தெரியல. பெட்டியைக் குடுத்தா மட்டும் படிப்பு வந்துடாதுங்க.

"நீ என்ன டீச்சரா"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். இல்லைங்க. பிள்ளை பெத்தவ. என் குழந்தை என்ன கத்துக்குதுன்னு கேக்க அது போதாதா? நல்லாப் பழகினவங்களே பொறாமைன்னு எழுதினதுதான் ரொம்ப வலிக்குது. இன்னைக்கு சாயங்காலம் உங்க பிள்ளைகிட்ட, கம்ப்யூட்டர்ல நீயா என்ன செஞ்சேன்னு கேட்டுப் பாருங்க, என்ன பதில் வந்தாலும் அதை அப்படியே இங்க எழுதுங்க, அப்புறம் என்னைத் திட்டலாம்.