பரிந்துரையை ஏற்கவில்லையா, காரணத்தைச் சொல்லுங்கள்

2022 டிசம்பர் 31 அன்று வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடித்து வந்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. அடித்துக் கொன்றதாக இல்லத்துப் பணியாளர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை வைத்து அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2023இல் அவர் அறிக்கையும் கொடுத்துவிட்டார்.

குழு போட்டது நல்லதுதான். ஆனால் ஒரு பிள்ளையின் உயிர் போன பிறகு தனியாகக் குழு போட வேண்டி வந்தது ஏன்? இந்த இல்லங்களைக் கண்காணிக்கவும் சட்டத்தில் ஓர் ஆணையம் இருக்கிறதே.

2005ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலத்துக்கு ஒரு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் உண்டு. ஒரு தலைவர், ஆறு உறுப்பினர்கள். குழந்தைகள் அடைத்துவைக்கப்பட்டிருக்கும் எந்த இல்லத்துக்குள்ளும் போய்ப் பார்க்கலாம். சிவில் நீதிமன்றம் போல ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கலாம், கோப்பைக் கேட்டு வாங்கலாம். 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பதும் இதே ஆணையத்தின் வேலை. போதாததற்கு, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது இல்லங்களுக்குள் நுழைந்து பார்க்க ஆய்வுக் குழுக்கள் இருக்க வேண்டும், அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் கட்டாயம் என்கிறது அந்தச் சட்டம்.

சில வருடங்களுக்கு முன், விசாரணை முடியும்வரை சிறுவர்களை வைக்கும் ஒரு கூர்நோக்கு இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம். பையன்கள் பாடத்தைப் பற்றிக் கேட்டதைவிட, "அண்ணா, எனக்கு எப்போ வாய்தா?" என்று கேட்டதுதான் அதிகம். சிறு குற்றம் என்றால் நான்கு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும், மிஞ்சினால் இன்னும் இரண்டு மாதம், அதற்குள் முடியாவிட்டால் வழக்கே முடிந்துபோகும் என்று சட்டம் சொல்வது அவர்களில் ஒருவனுக்கும் தெரியாது. எனக்கே அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். அது இன்றும் உறுத்துகிறது.

அங்கே குளியலறைக் கதவு உடைந்தால் பொதுப்பணித்துறைக்கு எழுத வேண்டும். காய்ச்சல் என்றால் சுகாதாரத்துறை. பள்ளிப் படிப்பு என்றால் கல்வித்துறை. இல்லத்தை நடத்துவதோ, சமூகப் பாதுகாப்புத் துறை என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட இன்னொரு துறை. கண்காணிப்பாளர் நல்லவராகவே இருந்தாலும் கடிதம் எழுதி எழுதி ஓய்ந்துபோவார். இத்தனை துறைகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கக்கூடிய இடம் ஆணையம்தான். அதனால்தான் அதன் பதவிகள் காலியாகக் கிடக்கக் கூடாது என்கிறேன். தலைவரின் பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்தவரைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.

"ஆணையத்தால் என்ன செய்ய முடியும்? பரிந்துரைதானே" என்று பலரும் சொல்கிறார்கள். சரி, பரிந்துரைதான். ஆனால் ஆணையத்தை உருவாக்கிய அந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஆணையத்தின் அறிக்கையை அரசு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். வெறும் அறிக்கையை மட்டும் வைத்தால் போதாது. எடுத்த நடவடிக்கை என்ன, எந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்ற குறிப்பும் கூடவே வர வேண்டும். அதாவது முடியாது என்று சொல்ல அரசுக்கு உரிமை உண்டு, காரணம் சொல்லாமல் விட உரிமை இல்லை.

அந்தக் குறிப்பைக் கேட்பதற்கு ஒரு சட்டமன்ற உறுப்பினர் போதும், எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. உங்கள் தொகுதி உறுப்பினரை அடுத்த முறை பார்க்கும்போது சாலை, குடிநீர் எல்லாம் கேட்டுவிட்டு இதையும் கேளுங்கள்: ஆணையத்தின் கடைசி அறிக்கை எந்தத் தேதியில் அவைக்கு வந்தது, அதில் எத்தனை பரிந்துரைகளுக்குக் காரணம் எழுதப்பட்டிருக்கிறது? நான் என் தொகுதி உறுப்பினருக்கு இன்று காலை கடிதம் அனுப்பிவிட்டேன்.