ஜோன்ஸ்-ஹில்னா மலை இல்லீங்க

அக்கா பையன் மேரிலேண்ட் யுனிவர்சிட்டில எம்.எஸ். முடிச்சான். பட்டமளிப்புக்குப் போனப்ப காலேஜ் பார்க் கேம்பஸ் முழுக்க சுத்திக் காட்டுனான், ஒரு பெரிய கட்டடத்தக் கை காட்டி "மாமா அது ஜோன்ஸ்-ஹில் ஹவுஸ், அமெரிக்கன் ஃபுட்பால் டீம் பிராக்டிஸ் பண்ற எடம்"னு சொல்லிட்டு நடையக் கட்டிட்டான். நானும் ஏதோ மலை பேருன்னு நெனச்சுக்கிட்டு பின்னாடியே போயிட்டேன். ஊருக்கு வந்து தேடுனா, அதான் பழைய கோல் ஃபீல்ட் ஹவுஸாம்! அட கிரகமே, வாசல் வரைக்கும் போயிட்டு உள்ள எட்டிக்கூடப் பாக்கல.

1955 டிசம்பர்ல தொறந்த இண்டோர் அரங்கம் அது. வளைஞ்ச பெரிய கூரை, பாஸ்கெட்பால், பட்டமளிப்பு, கச்சேரின்னு எல்லாத்துக்கும் அதான். 1974ல எல்விஸ் பிரெஸ்லிகூட ரெண்டு ராத்திரி பாடியிருக்காரு. ஆனா ஒரு கூத்து, இந்த அரங்கத்துக்குப் பெரிய பேர் வாங்கிக் குடுத்ததெல்லாம் விருந்தாளிங்கதான், வீட்டுக்காரங்க இல்ல.

1966 மார்ச் 19, காலேஜ் பாஸ்கெட்பால் ஃபைனல் அங்க நடக்குது. ஒரு பக்கம் கென்டக்கி, நம்பர் ஒன் டீம், கோச் அடால்ஃப் ரப், ஏற்கனவே நாலு கப் அடிச்சவரு, டீம்ல அத்தன பேரும் வெள்ளக்காரங்க. இன்னொரு பக்கம் மெக்சிகோ எல்லையில இருக்கற எல் பாஸோவுலேர்ந்து வந்த டெக்சாஸ் வெஸ்டர்ன், கோச் டான் ஹாஸ்கின்ஸ் மொதல்ல எறக்குன அஞ்சு பேரும் கறுப்பினத்தவங்க, அன்னைக்கு அந்த டீம்ல ஆடுன ஏழு பேருமே அப்படித்தான். பாபி ஜோ ஹில்னு ஒரு பையன் கென்டக்கிகாரங்க கையில இருந்த பந்த அடுத்தடுத்து ரெண்டு தடவ தட்டிப் பறிச்சுட்டு ஓடிப்போயி கூடையில போட்டான், அதுக்கப்பறம் அவங்களால எந்திரிக்கவே முடியல. 72-65. தோத்த டீம்ல இருந்தவருதான் பின்னாடி என்.பி.ஏ.ங்கற அமெரிக்க தொழில்முறை பாஸ்கெட்பால் லீக்ல பெரிய கோச் ஆன பேட் ரைலி.

கறுப்பினத்தவங்கள டீம்ல சேத்துக்காத வழக்கமெல்லாம் அன்னைக்கு ராத்திரியோட மாறிடுச்சுன்னு சொல்றாங்க பாருங்க, அத மட்டும் என்னால ஒத்துக்க முடியல. கென்டக்கி டீம்ல மொத கறுப்பின ஆட்டக்காரர் எறங்குனது 1970ல. நாலு வருஷத்துக்கு மேல ஆயிருக்கு! இன்னொண்ணு, யாரும் பெருசா பேசறதில்ல, அந்த ஃபைனல் நடந்த அதே சீசன்ல அதே தரையில பில்லி ஜோன்ஸ்னு ஒருத்தரு மேரிலேண்டுக்காக ஆடிக்கிட்டிருந்தாரு. அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்னு சொல்ற அவங்க லீக்லயே மொத கறுப்பின பாஸ்கெட்பால் ஆட்டக்காரர் அவருதான். கேமரா ஒரு ராத்திரி வந்துட்டுப் போயிடுச்சு, இந்த மனுஷன் வாராவாரம் ஆடுனாரு. எனக்கு இவருதான் பெருசாத் தெரியறாரு.

அப்பறம் 1972 ஏப்ரல்ல சீன டேபிள் டென்னிஸ் டீம் வந்து ஆடுச்சு, உலக சாம்பியன் ஜுவாங் சேடோங் தலைமையில. அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் பீஜிங் போயிட்டு வந்து ரெண்டு மாசங்கூட ஆகல, அவரு பொண்ணு ட்ரிஷியாவும் பாக்க வந்திருந்தாங்க. 1975 ஜனவரில தேசம் முழுக்க டிவில காட்டுன மொத பொம்பளைங்க பாஸ்கெட்பால் மேட்ச்சும் இங்கதான், அதுலயும் இம்மாக்குலாட்டான்னு ஒரு சின்ன கத்தோலிக்க காலேஜ் வந்து மேரிலேண்ட சொந்த வீட்லயே 80-48னு பொளந்துட்டுப் போச்சு. சொன்னேன்ல, விருந்தாளிங்கதான்!

வீட்டுக்காரங்க ஆம்பளைங்க டீமுக்கு 47 வருஷமா நேஷனல் கப்பே இல்ல. 2002 மார்ச் 3ல வர்ஜீனியாவ ஜெயிச்சு அரங்கத்துக்கு டாட்டா காட்டுனாங்க, ஏப்ரல் 1ல அட்லாண்டாவுல கப்ப தூக்குனாங்க. பொண்ணு வீட்ட விட்டுக் கெளம்புனதும் அப்பன் வீட்ல மழை பேஞ்ச கத. அப்ப கோச்சா இருந்த கேரி வில்லியம்ஸ் யாருன்னா, அந்தக் காலத்துல பில்லி ஜோன்ஸோட ஒரே டீம்ல ஆடுனவரு.

இப்ப உள்ள கோர்ட்டும் இல்ல கேலரியும் இல்ல, 2017லேர்ந்து அதே கூரைக்குக் கீழ முழு ஃபுட்பால் கிரவுண்டு, செயற்கைப் புல்லு. பழைய ரசிகருங்களுக்கு வருத்தம் இருக்கும், எனக்கு இதுல பெரிய கோவம் இல்ல. இடிச்சுத் தள்ளிட்டு ஒரு கல்வெட்டு நட்டு வைக்கறதுக்கு இது எவ்வளவோ மேல். கட்டடத்துக்கு மொதல்ல வச்சிருந்தது ஒரு நீதிபதி பேரு, யுனிவர்சிட்டி டிரஸ்டிகளுக்குத் தலைவரா இருந்த வில்லியம் கோல். இப்ப பில்லி ஜோன்ஸ் பேரும், 1963ல அந்த லீக்ல மொத கறுப்பின ஃபுட்பால் ஆட்டக்காரரா எறங்குன டாரில் ஹில் பேரும். 66 ஃபைனல்ல ஆடுன ஹில் வேற, இவரு வேற, நானே கொழம்பிட்டேன்.

இதெல்லாம் மூச்சு வாங்க டைப் பண்ணி பையனுக்கு வாட்ஸப்ல அனுப்புனேன். ரெண்டு வருஷம் தெனம் அந்த வழியா கிளாஸுக்குப் போனவன், பதில் போட்டிருக்கான்: "மாமா, நானும் மலைன்னுதான் நெனச்சேன்."