கேட்டுவிட்டுச் செய்தால் என்ன?

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் எங்களைக் கேட்காமலே அப்கிரேட் ஆகிக்கொண்டிருந்ததைச் செவ்வாய்க்கிழமை இரவு படமெடுத்துப் போட்டிருந்தேன். நீலத் திரை, சுற்றும் புள்ளிகள், 32 சதவீதம். தப்பு எங்கள் மேல்தான் என்பதுபோல் அதற்கு வந்த கமெண்டுகளைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

என் மனைவி வீட்டிலேயே டிடிபி வேலை, அதாவது நோட்டீஸ், பத்திரிகைகளைக் கம்ப்யூட்டரில் அடித்து அச்சுக்குத் தயார் செய்யும் வேலை, செய்கிறாள். அன்றைக்குக் கோயில் கொடை நோட்டீஸ், காலை ஏழு மணிக்கு அச்சகத்தில் கொடுக்க வேண்டும். வரி கொடுத்தவர்கள் பெயர் மட்டும் நூற்று நாற்பது. பிள்ளைகளுக்குத் தோசை ஊற்ற எழுந்து போனவள் இருபது நிமிடத்தில் திரும்பி வந்தால் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிப் புது ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறது. அணைக்காதீர்கள் என்று வேறு எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டில் யூபிஎஸ் கிடையாது. கரண்ட் போய்விடக் கூடாதே என்று நள்ளிரவு தாண்டியும் இருவரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முடிந்து பார்த்தால் கடைசியாக அடித்த எண்பது பெயர் இல்லை, தமிழ் தட்டச்சு மென்பொருள் திறக்கவில்லை, பழைய லேசர் பிரிண்டரைக் கம்ப்யூட்டருக்கு அடையாளமே தெரியவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். எங்கள் காசில் வாங்கிய பொருளில் கை வைக்குமுன் எங்களைக் கேட்க வேண்டாமா?

"அப்டேட் இல்லாவிட்டால் வைரஸ் வருமே அண்ணே" என்கிறார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னக்ரை வைரஸ் பரவியபோது, மார்ச்சிலேயே வந்துவிட்ட பாதுகாப்புத் திருத்தத்தைப் போடாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின. அந்த மாதிரித் திருத்தத்தைப் போடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஓட்டை அடைப்பது வேறு, வீட்டையே இடித்துக் கட்டுவது வேறு. இரண்டையும் ஒரே பெயரில் அனுப்பினால் மக்கள் பயந்துபோய் ஓட்டை அடைப்பதையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள்.

இது இன்றைக்கு வந்த வழக்கமும் இல்லை. 2016இல் விண்டோஸ் 10 அப்கிரேட் அறிவிப்பை ஓரத்திலிருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடினால், அதில் குறித்திருந்த நேரத்தில் அப்கிரேட் செய்யச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். உலகம் முழுக்க எந்த அறிவிப்புப் பெட்டியிலும் அந்தக் குறிக்கு வேண்டாம் என்றுதானே பொருள்? கலிஃபோர்னியாவில் பயண ஏற்பாட்டுத் தொழில் செய்யும் ஒரு பெண், கேட்காமல் நடந்த அப்கிரேடில் தன் அலுவலகக் கம்ப்யூட்டர் கெட்டுப்போனது என்று வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார். அவர் கோர்ட்டுக்குப் போனார். நாங்கள் எங்கே போவது?

"செட்டிங்ஸில் நிறுத்தி வைத்திருக்கலாமே." நிறுத்தியிருந்தோம். சில வாரங்கள்தான் தள்ளிப்போட விடுகிறது. "பத்து நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாமே." காலை ஏழு மணிக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டியவளிடம் பத்து நாள் கணக்குச் சொல்லாதீர்கள்.

அப்பா ரேடியோ மெக்கானிக். கடைக்கு வரும் செட்டின் பின்மூடியைக் கழற்றுமுன் "திறக்கட்டுமா?" என்று கேட்பார். ரிப்பேருக்குக் கொடுக்கத்தானே வந்திருக்கிறார்கள், இதை வேறு கேட்பானேன் என்று எனக்குச் சின்ன வயதில் எரிச்சலாக இருக்கும். ஒரு கண்டென்சர் மாற்றுவதானாலும் ஆளுக்குச் சொல்லி அனுப்பி, அவர் வந்து சரி என்ற பிறகுதான் சால்டரிங் அயர்ன் சூடாகும். கழற்றிய பழையதை ஒரு காகிதத்தில் மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிடுவார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவருக்குத் தெரிந்த மரியாதை இது.

எனக்கு அப்கிரேடைவிட வலித்தது அந்தக் கமெண்ட். "கம்ப்யூட்டர் தெரியாதவங்க கையில கொடுத்தா இப்படித்தான்." பதினாறு வருடமாக இந்த ஊரில் கல்யாணப் பத்திரிகை முதல் கண்ணீர் அஞ்சலி வரை அவள் அடித்துக் கொடுத்தது. அவளுக்கா கம்ப்யூட்டர் தெரியாது? எழுதியவர் நண்பர்தான், நேரில் பார்த்தால் சிரித்துப் பேசுபவர்தான். நான் பதில் எழுதவில்லை. அவளும் அதைப் படித்துவிட்டாள், ஒன்றும் சொல்லவில்லை.

நோட்டீஸ் பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அடித்து முடித்தபோது மணி பதினொன்று. நாலு பெயர் விட்டுப்போயிருந்தது, கோயில் கமிட்டியில் அவளைத்தான் கேட்டார்கள். இப்போது வேலைக்கு உட்காருமுன் முதல் காரியமாக மோடத்திலிருந்து நெட் கேபிளைப் பிடுங்கி மேசை மேல் வைத்துவிட்டுத்தான் ஃபைலையே திறக்கிறாள்.