அது மதமாற்றக் கதை இல்லை
மார்கரெட் கிரேவன் 1967-ல் எழுதிய 'ஐ ஹெர்ட் தி ஆவ்ல் கால் மை நேம்' நாவலைப் பற்றி, "பழங்குடிகளைக் கிறிஸ்தவர்களாக மாற்றப் போன பாதிரியார் நோயில் சாகிறார்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள கிங்கம் என்ற பழங்குடிக் கிராமத்துக்கு அந்தப் பாதிரியார் மார்க் போகும்போதே அங்கே ஆங்கிலிக்கன் தேவாலயம் இருக்கிறது. அவர் மதம் மாற்றப் போகவில்லை. தனக்கு ஆயுள் குறைவு என்பதே அவருக்குத் தெரியாது; தெரிந்த பிஷப், சொல்லாமல் அனுப்புகிறார்.

முடிவைச் சொல்ல வேண்டியிருக்கிறது, படிக்காதவர்கள் மன்னிக்கவும். அவர் இறப்பது நோயில் அல்ல, மண்சரிவில். ஆந்தை ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்குச் சாவு நெருங்கிவிட்டது என்பது அந்தப் பழங்குடிகளின் நம்பிக்கை. ஆந்தை தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாக அவர் மார்த்தா என்ற அந்த ஊர் மூதாட்டியிடம் சொல்லும்போது, அவள் மறுப்பதில்லை. எனக்கு நாவலின் உயிரே அந்த இடம்தான். அந்த மக்களின் நம்பிக்கைக்குள் அவர் வந்து சேர்ந்துவிட்டார், அவர்கள் அவருடைய நம்பிக்கைக்குள் வந்ததைவிட ஆழமாக.

அப்புறம், அந்தப் பழங்குடிகளின் பண்பாடு "தானாகவே அழிந்தது" என்கிறீர்கள். அவர்களுடைய பாட்லாச் விருந்துச் சடங்கைக் கனடா அரசு 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்தது. நாவலில், ஒருவரைக் குடிக்கவைத்து அவர்களுடைய சடங்கு முகமூடியை வாங்கிப்போகும் வெள்ளைக்காரனை மறந்துவிட்டீர்களா?