பின் அச்சுக்கு இரும்புத் தகடு: ஒரு திருத்தம்

புல்வெட்டும் சிறு டிராக்டரின் பின் அச்சுக்கு அடியில் தடித்த இரும்புத் தகடு பொருத்திவிட்டால் கலப்பை பூட்டி உழலாம் என்று சிலர் சொல்வது பாதி உண்மைதான். இவ்வகை வண்டிகளில் வரும் டஃப் டார்க் கே46 போன்ற இலகுரக ஹைட்ரோஸ்டேட்டிக் (எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றும்) அச்சு அமைப்பில் உறை அலுமினியம். அச்சுத்தண்டின் விட்டம் முக்கால் அங்குலம். தகடு மேலிருந்து அழுத்தும் எடையைச் சட்டகத்துக்குப் பகிர்ந்தளிக்குமே தவிர, உழும்போது உள்ளிருக்கும் பம்பும் மோட்டாரும் பற்சக்கரங்களும் தாங்க வேண்டிய முறுக்குவிசையைச் சிறிதும் குறைக்காது. பிடிப்பு கூட டயரில் நீர் நிரப்பினால், அந்த நீரின் எடை அச்சின்மீது ஏறாமல் நேரே தரைக்குப் போகிறது என்பது சரி. ஆனால் சக்கரம் வழுக்காமல் பிடிக்கும்போது, வழுக்கலால் தப்பித்துக்கொண்டிருந்த பற்சக்கரங்கள்மீதே முழுச்சுமையும் விழுகிறது. எண்ணெய் சூடேறி நீர்த்துப்போய், மேட்டில் வண்டி இழுக்கத் திணறும். தயவுசெய்து இரும்பு வாங்கும் முன் அச்சின் மாதிரி எண்ணைப் பாருங்கள். உழவுக்கு அந்தச் சுமையைத் தாங்க வடிவமைத்த கனரக அச்சே தேவை.