பிண்டாரி பனியாற்றின் வகுத்தல் கணக்கு

வெயில், வெள்ளம், புயல் என்று எதைப் பற்றி எழுதினாலும் ஒரு கேள்வி தப்பாமல் வந்துவிடுகிறது: “2035-ல இமயமலையில பனியே இருக்காதுன்னு சொன்ன கூட்டம்தானே? அதுவே பொய்னு ஆயிடுச்சே?”

இப்படிக் கேட்பவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த 2035 உண்மையிலேயே தவறுதான். சின்னத் தவறும் இல்லை. ஆனால் அது எப்படி உள்ளே வந்தது, யார் வெளியே இழுத்துப் போட்டார்கள் என்ற கதை பாதிப் பேருக்குத் தெரியாது.

காலநிலை மாற்றம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் ஐ.நா. குழுதான் ஐபிசிசி. அதன் நான்காவது அறிக்கை வந்த 2007-லேயே அந்த அமைப்புக்கும் அல் கோருக்கும் சேர்த்து நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அறிக்கையின் இரண்டாம் தொகுதியில் ஆசியா பற்றிய அத்தியாயத்தில் ஒரு பத்தி: இமயமலைப் பனியாறுகள் இதே வேகத்தில் போனால் 2035-க்குள், ஏன் அதற்கு முன்பேகூட, மறைந்துவிட வாய்ப்பு மிக அதிகம். ஆதாரமாகக் காட்டியது இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூடபிள்யூஎஃப் 2005-ல் வெளியிட்ட ஓர் அறிக்கையை. அது எடுத்தது 1999-ல் வந்த பத்திரிகைச் செய்திகளிலிருந்து. அந்தச் செய்திகள் நின்றது பனியாற்று ஆய்வாளர் சையத் ஹஸ்னைன் பேட்டியில் சொன்னதாக வந்த ஒரு பேச்சின் மேல். அது வெறும் ஊகம் என்று பிற்பாடு அவரே சொன்னார். ஆக, அடியில் ஓர் ஆய்வுக்கட்டுரைகூட இல்லை.

இன்னொரு வரி இதைவிட மோசம். இமயமலைப் பனியாறுகளின் பரப்பு 5,00,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 1,00,000-ஆகக் குறையும் என்றது. இமயமலையில் இருப்பதே சுமார் 33,000 சதுர கிலோமீட்டர்தான்! அந்த 5,00,000 என்பது துருவங்கள் நீங்கலாக உலகம் முழுக்க உள்ள பனியாறுகளுக்கு ரஷ்ய ஆய்வாளர் கோட்லியாகோவ் போட்ட கணக்கு. அவர் சொன்ன ஆண்டும் 2350.

எனக்கு மிகவும் பிடித்தது (பிடித்தது என்றால், தலையில் அடித்துக்கொள்ளும் வகையில்) அதே அத்தியாயத்தின் அட்டவணைதான். உத்தராகண்டின் பிண்டாரி பனியாறு 1845 முதல் 1966 வரை 2,840 மீட்டர் பின்வாங்கியதாம், அதாவது முனை உருகி அவ்வளவு தூரம் சுருங்கியதாம். ஆண்டுக்குச் சராசரி 135.2 மீட்டராம். 121 ஆண்டுகளால் வகுத்தால் வருவது 23.5 மீட்டர். 135.2 எப்போது வரும் தெரியுமா? 121-க்குப் பதில் 21-ஆல் வகுத்தால். எட்டாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடித்திருக்கும்.

யாரும் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். வரைவைப் படித்த ஜப்பான் அரசு, இது மிக முக்கியமான கூற்றாயிற்றே, எவ்வளவு உறுதி என்று கேட்டது. ஆஸ்திரியாவின் பனியாற்று அறிஞர் கியோர்க் காசர் 2006-லேயே எச்சரித்ததாகச் சொன்னார். கடைசியில் கயிற்றின் முனையைப் பிடித்து மூலம் வரை போனவர் கனடாவின் டிரென்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கிரஹாம் காக்லி. எந்த டிவி சேனலும், எந்த எதிர்ப்பு இயக்கமும் அல்ல. பனி உருகுகிறது என்று சொல்லும் அதே துறைக்காரர்கள். இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் பேச்சை மாற்றிவிடுவார்.

அதற்காக ஐபிசிசியை நான் தப்பவிடப் போவதில்லை. 2009 நவம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், வி.கே.ரெய்னா எழுதிய ஒரு விவாத அறிக்கையை வெளியிட்டார். ரெய்னா இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் உயர் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். பனியாறுகள் அசாதாரண வேகத்தில் பின்வாங்கவில்லை, புவி வெப்பமாதலோடு முடிச்சுப் போட இது நேரமில்லை என்றது அறிக்கை. ஐபிசிசி தலைவர் பச்சௌரி அதை வூடூ அறிவியல், அதாவது மாந்திரீகம் என்றார். தன் வீட்டுக் கணக்கைத் திறந்து பார்க்காமலே அடுத்தவன் கணக்கைக் கேலி செய்தார். ஹஸ்னைன் அப்போது பச்சௌரி தலைமை வகித்த டெல்லி ஆய்வு நிறுவனமான டெரியிலேயே வேலை பார்த்தார் என்பது வெளியே வந்தபோது நிலைமை இன்னும் நாறியது. 2010 ஜனவரி 20 அன்று ஐபிசிசி வருத்தம் தெரிவித்தது. என்னைக் கேட்டால், 2035 செய்த சேதத்தைவிட ‘வூடூ’ என்ற அந்த ஒரு வார்த்தை செய்த சேதம் அதிகம்.

வேடிக்கை என்னவென்றால், அமைச்சர் வெளியிட்ட அறிக்கையும் சக ஆய்வாளர்களின் பரிசீலனையைத் தாண்டி வந்ததல்ல. விவாதத்தைத் தூண்டத்தான் என்று அதிலேயே எழுதியிருந்தது. இரண்டு பக்கமும் சோதிக்காத தாளைத் தூக்கிக்கொண்டு சண்டை போட்டதைத்தான் நாம் அறிவியல் சர்ச்சை என்று நினைத்துக்கொண்டோம்.

லண்டன் பத்திரிகைகளுக்கு அது கொண்டாட்டக் காலம். அதே 2009 நவம்பரில் இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்க்லியா பல்கலைக்கழகத்திலிருந்து காலநிலை ஆய்வாளர்களின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் திருடப்பட்டு, கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்பு இணையத்தில் கொட்டப்பட்டிருந்தன. 2010-ல் பிரிட்டனில் நடந்த விசாரணைகள் தரவுகளைத் திரித்ததாகச் சொல்லவில்லை. தரவைக் கேட்டவர்களிடம் திறந்த மனதோடு நடந்துகொள்ளவில்லை என்று கண்டித்தன. அது நியாயமான கண்டனம். சண்டே டைம்ஸ் அமேசான் காடு பற்றி ஐபிசிசி மீது குற்றம் சாட்டிப் போட்ட செய்தியை ஜூனில் திரும்பப் பெற்றது. பச்சௌரியின் பணவிவகாரம் பற்றி எழுதிய சண்டே டெலிகிராஃப் ஆகஸ்டில் மன்னிப்புக் கேட்டது. குற்றச்சாட்டு கொட்டை எழுத்தில் வந்தது நினைவிருக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த மன்னிப்புகள் நினைவிருக்கிறது? 1999-ல் பேரழிவு விற்றது, 2010-ல் ஊழல் விற்றது. கடை ஒன்றுதான்.

சரி, பனி என்ன ஆயிற்று? அந்தத் தவறான பத்தி இருந்தது பாதிப்புகளைப் பேசும் தொகுதியில். பனியாறுகளை இயற்பியல் அடிப்படையில் அலசிய முதல் தொகுதியில் 2035 என்ற பேச்சே இல்லை. 1970-களின் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் படங்களைப் புதிய படங்களோடு ஒப்பிட்டு 2019-ல் வந்த ஆய்வு, 2000-க்குப் பிறகு இமயமலையில் பனியிழப்பு முந்தைய கால் நூற்றாண்டைப் போல இரண்டு மடங்கு என்றது: ஆண்டுக்குச் சராசரியாக அரை மீட்டர் தடிமன் அளவுக்கு. பெரிய பனியாறுகளின் தடிமன் சில நூறு மீட்டர். 2035-ல் அவை மறையாது. அதே 2019-ல் காத்மாண்டுவில் இருக்கும் மலைப்பகுதி ஆய்வு மையமான ஐசிமோட், வெப்பநிலை உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்தினாலும் இந்துகுஷ் இமயமலைப் பனியில் மூன்றில் ஒரு பங்கு 2100-க்குள் போய்விடும் என்றது. இந்த எண்களுக்குப் பின்னால் பேட்டி இல்லை, அளவீடு இருக்கிறது.

அந்த அளவீட்டை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதுதான் எனக்கு ஆத்திரம். சர்ச்சை வெடித்த 2009-லேயே டேராடூனில் இமயமலைப் புவியியலை ஆராயும் வாடியா நிறுவனத்தில் பனியாறுகளுக்கென்று ஒரு மையம் தொடங்கினார்கள். தேசிய நிறுவனமாக வளர்க்கப்போவதாகவும் பேச்சு. 2020-ல் மத்திய அரசு அதை மூடிவிட்டது. அடுத்த பிப்ரவரியில் உத்தராகண்டின் சமோலியில் பாறையும் பனியும் சரிந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள். மையம் இருந்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன்; அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு 2035தான். ஐபிசிசியை நம்பலாமா என்று அன்றைக்கு அத்தனை ஆவேசமாகக் கேட்டவர்களில் யாராவது, நம் சொந்தப் பனியாறுகளுக்கான மையத்தை ஏன் மூடினீர்கள் என்று டெல்லியைக் கேட்டார்களா? கேட்டிருந்தால் இணைப்பைக் கீழே போடுங்கள், படிக்கிறேன்.